லினக்ஸ் மேசைக்கணினியில் ஸ்மார்ட்கார்டு கொண்டு உள்நுழைவது எப்படி? முதன்முறை முயல்வோருக்கான வழிகாட்டி

சில்லு பதித்த அட்டையான ஸ்மார்ட்கார்டு கொண்டு லினக்ஸ் கணினிக்குள் நுழைய முயன்று பாதியில் கைவிட்டவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருப்பது தெரியவரும். அட்டை தன் அளவில் ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே அவர்கள் உள்நுழைவை ஆளும் அமைப்புக் கோப்புகளில் கைவைத்துவிடுகிறார்கள். பிறகு எந்தக் கண்ணி அறுந்தது என்பதே தெரியாமல், சில வேளைகளில் கணினிக்குள் நுழையவே முடியாமல், தவிக்கிறார்கள். இந்த வேலை நான்கு அடுக்குகளால் ஆனது. கீழடுக்கு சரியாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே மேலடுக்குக்கு ஏறுவது என்ற ஒரே ஒழுங்கைக் கடைப்பிடித்தால், ஒரு மாலைப்பொழுதுக்குள் முடிந்துவிடக் கூடியதுதான் இது.

இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ இருக்கும் தனிக் கணினி ஒன்றை. அதில் டெபியன் 12, க்னோம் மேசைத்தளத்துடன் நிறுவப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உபுண்டுவிலும் படிகள் ஏறக்குறைய இவையே. கட்டளைகளையும் தொகுப்புகளையும் அவை ஒலிக்கும் விதத்தில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறேன். பெயர்களில் 'புள்ளி' என்று வரும் இடத்தில் புள்ளிக் குறியைத் தட்டுங்கள். 'விருப்பம்' என்று நான் சொல்வது கட்டளையோடு சேர்த்துத் தட்டும் கூடுதல் சொல்லை.

நான்கு அடுக்குகள்

அடியில் இருப்பது அட்டையைச் செருகும் ரீடர். இன்று கடைகளில் கிடைக்கும் யூஎஸ்பி ரீடர்களில் பெரும்பாலானவை சிசிஐடி என்ற பொது நெறியைப் பின்பற்றுகின்றன. அந்த எழுத்துகள் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருந்தால் தனி டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை. ரீடரோடு பேசுவதற்கென்று பின்னணியில் ஓடும் சேவை பிசிஎஸ்சிடி. இவை இரண்டும் சேர்ந்து முதல் அடுக்கு.

இரண்டாம் அடுக்கு ஓபன்எஸ்சி. ஒவ்வொரு நிறுவனத்தின் அட்டையும் தனக்கே உரிய பேச்சுவழக்கில் பேசும். அந்த வழக்குகளைக் கற்று, மற்ற மென்பொருள்களுக்குப் பிகேசிஎஸ்11 என்ற ஒரே பொதுமொழியில் எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அது. மூன்றாம் அடுக்கு, "இவர் சொல்லும் ஆள்தானா" என்ற கேள்விக்கு லினக்ஸில் விடை சொல்லும் பொறுப்பிலுள்ள பாம். பெயர் தமிழில் வெடிகுண்டைப் போல ஒலிக்கிறது. கையாளும்போது அந்த அளவு கவனம் இருப்பதில் தவறில்லை. நான்காவது, நாம் கண்ணால் பார்க்கும் உள்நுழைவுத் திரை. க்னோமில் அதன் பெயர் ஜிடிஎம்.

சரிபார்ப்பு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், பின்னால் வரும் படிகளில் எதை விட்டுவிடக் கூடாது என்பது தானாகவே விளங்கும். அட்டையின் சில்லுக்குள் தனித் திறவுகோல் ஒன்று இருக்கிறது. அது அட்டையை விட்டு வெளியே வருவதேயில்லை. அதற்கு இணையான பொதுத் திறவுகோல், சான்றிதழ் வடிவில், கணினியில் முன்கூட்டியே பதிவாகியிருக்கும். நீங்கள் நுழைய முயலும்போது கணினி ஏதோ ஒரு தற்செயலான எண்வரிசையை அட்டையிடம் நீட்டி, "இதில் கையெழுத்துப் போடு" என்கிறது. சரியான ரகசிய எண்ணைக் கொடுத்தால் மட்டுமே அட்டை கையெழுத்திடும். அந்தக் கையெழுத்தைப் பதிவிலுள்ள பொதுத் திறவுகோலோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கணினி கதவைத் திறக்கிறது. ஆகவே ரகசிய எண்ணைத் தெரிந்தவரிடம் அட்டை இல்லாவிட்டாலும், அட்டையைத் திருடியவரிடம் எண் இல்லாவிட்டாலும் பயனில்லை.

இந்தக் கையெழுத்துப் படி எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு அண்மைய சான்று ஒன்று உண்டு. பாம்_பிகேசிஎஸ்11 என்ற பழைய கூறு, இயல்பு அமைப்பில் கையெழுத்தே கேட்காமல், அட்டைக்குள் ரகசிய எண் கொண்டு நுழைய முடிகிறதா, அதில் பயனரின் சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுமதித்தது 2025இல் வெளிப்பட்டது. சான்றிதழ் என்பது யாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். அதை வேறோர் அட்டையில் ஏற்றி, தனக்குத் தெரிந்த ரகசிய எண்ணை வைத்துக்கொண்டு எவரும் உள்ளே நுழைந்துவிடலாம் என்ற நிலை. 0.6.13 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் பலவும் அந்தக் கூறையே பரிந்துரைப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் பயன்படுத்தப் போவது ஓபன்எஸ்சி குழுவினரின் பாம்_பி11. அது சிறியது, தனிக் கணினிக்கு அதுவே போதும்.

எந்த அட்டை?

முதன்முறை முயல்பவர் பிஐவி நெறியைப் பின்பற்றும் அட்டையைத் தேர்ந்துகொள்வது நல்லது. அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்குப் பொதுவான அடையாள அட்டை வேண்டும் என்று 2004இல் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து உருவான நெறி அது; ஃபிப்ஸ் 201 என்ற பெயரில் ஆவணமாக வெளியிடப்பட்டு எல்லோரும் படிக்கக் கிடைப்பதால், ஓபன்எஸ்சி அதனோடு தடையின்றிப் பேசுகிறது. அட்டையும் ரீடரும் ஒரே உடலில் இணைந்த யூஎஸ்பி சாதனங்களும் உண்டு. யூபிகீ 5 வரிசை அத்தகையது. கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் அதையே வைத்துக்கொள்கிறேன். தனி அட்டையாக இருந்தால் திறவுகோல் உருவாக்கும் படி மட்டும் மாறும்.

இந்தியாவில் வருமானவரிக் கணக்குகளுக்கும் ஒப்பந்தப்புள்ளிகளுக்கும் கையெழுத்திட வாங்கிய டிஎஸ்சி டோக்கன் (மின்னணுக் கையெழுத்துச் சான்றிதழ் அடங்கிய யூஎஸ்பி சாதனம்) பலரது மேசை இழுப்பறையில் இருக்கும். அதுவும் உள்ளுக்குள் ஒரு ஸ்மார்ட்கார்டுதான். அதையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். தொழில்நுட்பத்தில் பல டோக்கன்களில் இது முடியக்கூடியதே, சிலவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் பிகேசிஎஸ்11 கூறு தேவைப்படும். ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்தும் கையெழுத்துக்குரிய ரகசிய எண்ணை நாளுக்கு இருபது முறை, பக்கத்தில் யார் இருந்தாலும், தட்டிக்கொண்டிருப்பது விவேகமல்ல. எண்ணைத் தவறாகத் தட்டித் தட்டி டோக்கன் பூட்டிக்கொண்டால், கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாளில் சான்றளிக்கும் நிறுவனத்தின் வாசலில் நிற்க நேரிடும்.

முதல் அடுக்கு: ரீடர் தெரிகிறதா?

முனையத்தைத் திறந்து, ஆப்ட் இன்ஸ்டால் கட்டளையால் பிசிஎஸ்சிடி, பிசிஎஸ்சி-டூல்ஸ், ஓபன்எஸ்சி ஆகிய மூன்று தொகுப்புகளை நிறுவுங்கள். பாம் தொடர்பான எதையும் இப்போது நிறுவ வேண்டாம்.

பிறகு பிசிஎஸ்சி_ஸ்கேன் என்ற கட்டளையை இயக்கி, சாதனத்தைச் செருகுங்கள். ரீடரின் பெயரும், அதன் கீழே ஏடிஆர் என்ற தலைப்பில் 3பி என்றோ 3எஃப் என்றோ தொடங்கும் எண்வரிசையும் தோன்ற வேண்டும். மின்சாரம் பாய்ந்ததும் அட்டை சொல்லும் முதல் வணக்கம் அது. அந்த வரிசை இன்ன அட்டையுடையது என்று கட்டளையால் கண்டுபிடிக்க முடியாமல் போனாலும் கவலையில்லை. வரிசை வந்தாலே இந்த அடுக்கு தேறியது.

இங்கே புதியவர்களைக் குழப்பும் செய்தி ஒன்று உண்டு. பிசிஎஸ்சிடி சேவையின் நிலையைச் சிஸ்டம்சிடிஎல் மூலம் கேட்டால் பல வேளைகளில் அது இயங்கவில்லை என்று பதில் வரும். அது பழுதன்று. யாரேனும் கூப்பிடும்போது மட்டும் எழுந்து, வேலை இல்லாதபோது தூங்கிவிடும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது பிசிஎஸ்சிடி புள்ளி சாக்கெட் என்ற அலகின் நிலையைத்தான்.

இன்னொரு தடை, மறைகுறியாக்க மென்பொருளான ஜிஎன்யூபிஜி பயன்படுத்துபவர்களுக்கு நேரும். அதன் துணைச் சேவையான எஸ்சிடீமன் ரீடரைத் தனக்கே உரியதாகப் பிடித்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு அட்டை இல்லாதது போலவே தோன்றும். உங்கள் வீட்டு அடைவில் புள்ளிஜிஎன்யூபிஜி அடைவுக்குள் எஸ்சிடீமன் புள்ளி கான்ஃப் என்ற கோப்பை உருவாக்கி, டிசேபிள்-சிசிஐடி என்ற ஒரே வரியை எழுதிவிட்டு, ஜிபிஜிகான்ஃப் கட்டளையின் கில் விருப்பத்தால் எஸ்சிடீமனை நிறுத்துங்கள். அதன் பிறகு அதுவும் பிசிஎஸ்சிடி வழியாகவே வரும்.

மூன்றாவதாக, இந்தச் சோதனைகளைத் தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே செய்யாதீர்கள். கணினியின் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே அட்டையை அணுக இயல்பாக அனுமதி உண்டு; தொலைவிலிருந்து வருபவருக்கு மறுக்கப்படும். பழுது இல்லாத இடத்தில் பழுது தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாம் அடுக்கு: அட்டையைத் தயார் செய்தல்

புதிய யூபிகீயின் பிஐவி பகுதி, உலகுக்கே தெரிந்த எண்களுடன் வருகிறது: ரகசிய எண் 123456, பியூகே எனப்படும் மீட்பு எண் 12345678. முதல் வேலை இவற்றை மாற்றுவது. யூபிகீ-மேனேஜர் தொகுப்பை நிறுவினால் ஒய்கேமேன் என்ற கட்டளை கிடைக்கும். ஒய்கேமேன் பிஐவி ஆக்சஸ் என்பதற்குப் பின் சேஞ்ச்-பின் என்று சேர்த்தால் ரகசிய எண்ணையும், சேஞ்ச்-பியூகே என்று சேர்த்தால் மீட்பு எண்ணையும் மாற்றலாம். ரகசிய எண்ணுக்கு ஆறு முதல் எட்டு இடங்கள் உண்டு.

இரண்டுக்கும் இயல்பில் மும்மூன்று வாய்ப்புகளே என்பதை மனத்தில் நிறுத்துங்கள். ரகசிய எண்ணை மூன்று முறை தவறாகத் தட்டினால் அது பூட்டிக்கொள்ளும். மீட்பு எண்ணால் திறக்கலாம். மீட்பு எண்ணும் மூன்று முறை தவறினால் பிஐவி பகுதியை முழுவதும் அழித்துப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, கணினி இருக்கும் அறையில் இல்லாத ஓரிடத்தில் வையுங்கள். இவை இரண்டும் போக, அட்டைக்குள் திறவுகோல்களை ஏற்றவும் நீக்கவும் தனியே ஒரு மேலாண்மைத் திறவுகோலும் இருக்கிறது. சேஞ்ச்-மேனேஜ்மென்ட்-கீ என்ற உட்கட்டளையை ஜெனரேட், புரொடெக்ட் ஆகிய இரு விருப்பங்களோடு இயக்கினால், அட்டையே புதிதாக ஒன்றை ஏற்றுத் தன் ரகசிய எண்ணின் காவலில் வைத்துக்கொள்ளும். நீங்கள் அதை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து திறவுகோல். பிஐவி அட்டையில் வெவ்வேறு பணிகளுக்கென்று தனித்தனி அறைகள் உண்டு. ஆளை அடையாளம் காண்பதற்கு 9ஏ, ஆவணங்களில் கையெழுத்திட 9சி, மறைகுறியாக்கத்துக்கு 9டி, ரகசிய எண் கேட்காமல் கதவு திறப்பது போன்றவற்றுக்கு 9ஈ. நமக்கு வேண்டியது 9ஏ. ஒய்கேமேன் பிஐவி கீஸ் ஜெனரேட் என்ற கட்டளைக்கு ஆர்எஸ்ஏ2048 என்ற முறையையும், 9ஏ என்ற அறையையும், பொதுத் திறவுகோலைச் சேமிக்க ஒரு கோப்புப் பெயரையும் கொடுங்கள். நீள்வட்ட வளைவுத் திறவுகோல்களும் உண்டென்றாலும், முதல் முயற்சிக்கு ஆர்எஸ்ஏ தொல்லை குறைந்தது. பிறகு ஒய்கேமேன் பிஐவி சர்டிஃபிகேட்ஸ் ஜெனரேட் என்ற கட்டளையால் அதே அறைக்கு உங்கள் பெயரில் ஒரு சான்றிதழை உருவாக்குங்கள். நமக்கு நாமே கையெழுத்திட்டுக்கொள்ளும் சான்றிதழ்தான் இது. தனிக் கணினிக்கு வேறு எவரின் சான்றும் தேவையில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சான்றிதழின் ஆயுள் 365 நாள். வேலிட்-டேஸ் விருப்பத்தில் 3650 என்று கொடுத்துவிட்டால் பத்தாண்டுக்குக் கவலையில்லை.

திறவுகோலைக் கணினியில் உருவாக்கி அட்டைக்குள் ஏற்றுவதைவிட, அட்டைக்குள்ளேயே உருவாக்குவது பொதுவாகப் பாதுகாப்பானது. வெளியே பிரதி எதுவும் இருக்காது. அதற்கும் ஒரு விதிவிலக்கு வரலாற்றில் நேர்ந்தது. இன்ஃபினியான் நிறுவனச் சில்லுகளில் ஆர்எஸ்ஏ திறவுகோல் உருவாக்கும் நிரலில் இருந்த குறை 2017இல் வெளிவந்தபோது, எஸ்தோனிய அரசு அந்த ஆண்டு நவம்பரில் ஏறக்குறைய 7,60,000 அடையாள அட்டைகளின் சான்றிதழ்களை முடக்க நேர்ந்தது. யூபிகீ 4 வரிசையில் 4.2.6 முதல் 4.3.4 வரையிலான பதிப்புகளும் அந்தக் குறைக்கு ஆளானவை. எனவே கைமாறிய பழைய சாதனத்தை யாரேனும் மலிவாகத் தந்தால், ஒய்கேமேன் இன்ஃபோ கட்டளையால் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது ஓபன்எஸ்சி வழியே அட்டையைச் சோதிக்க வேண்டும். பிகேசிஎஸ்11-டூல் கட்டளையை லிஸ்ட்-ஆப்ஜெக்ட்ஸ் விருப்பத்தோடு இயக்கினால் அட்டையிலுள்ள சான்றிதழ்களும் பொதுத் திறவுகோல்களும் வரிசையாகத் தோன்றும். 9ஏ அறையின் பொருள்கள் இங்கே 01 என்ற அடையாள எண்ணோடு வருவதைக் கவனியுங்கள். அறையின் பெயரும் இந்த எண்ணும் வேறுவேறாக இருப்பதால் பலர் தவறான சான்றிதழை எடுத்துவிடுகிறார்கள். அடுத்து, அதே கட்டளையை லாகின், டெஸ்ட் ஆகிய இரு விருப்பங்களோடு இயக்குங்கள். அது ரகசிய எண்ணைக் கேட்டு, அட்டையைக் கொண்டு உண்மையாகவே சில கையெழுத்துகளைப் போட்டுப் பார்க்கும். பிழையின்றி முடிந்தால் இரண்டாம் அடுக்கும் தேறிவிட்டது. முடியாவிட்டால் இங்கேயே நில்லுங்கள். மேலே போய்ப் பயனில்லை.

மூன்றாம் அடுக்கு: சான்றிதழைப் பதிந்து, சூடோவில் சோதித்தல்

இங்கிருந்து ஆபத்தான பகுதி தொடங்குகிறது. எதையும் தொடுவதற்கு முன் இன்னொரு முனையத்தைத் திறந்து, சூடோ (கட்டளைகளை நிர்வாகி அதிகாரத்தோடு இயக்கும் கருவி) என்பதற்குப் பின் இடைவெளி விட்டு, சிறுகோடும் ஆங்கில ஐ எழுத்தும் சேர்த்துத் தட்டி, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகி, அந்தச் சாளரத்தை அப்படியே விட்டுவையுங்கள். எல்லாம் முடியும்வரை அதை மூடக் கூடாது. பாம் கோப்பில் ஒரே ஓர் எழுத்துப் பிழையோடு எல்லாச் சாளரங்களையும் மூடிவிட்டு, பென் டிரைவிலிருந்து லைவ் லினக்ஸை ஏற்றி அந்த எழுத்தைத் திருத்திய அனுபவம் எனக்கு உண்டு. திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பென் டிரைவைத் தேடத்தான் ஒரு மணி நேரம் ஆயிற்று.

இப்போது லிப்பாம்-பி11 தொகுப்பை நிறுவுங்கள். நிறுவும்போது பாம் அமைப்புகளைத் தேர்வு செய்யச் சொல்லி ஒரு திரை தோன்றினால், எதையும் மாற்றாமல் வெளியேறுங்கள். நாம் கையாலேயே எழுதப் போகிறோம். எதை எங்கே எழுதினோம் என்பது தெரிந்திருந்தால்தான் நீக்கவும் தெரியும்.

சான்றிதழைப் பதிய, உங்கள் வீட்டு அடைவில் புள்ளிஈஐடி என்ற அடைவை உருவாக்குங்கள். பிகேசிஎஸ்15-டூல் கட்டளைக்கு ரீட்-சர்டிஃபிகேட் என்ற விருப்பத்தையும் 01 என்ற எண்ணையும் கொடுத்து, அதன் வெளியீட்டை அந்த அடைவில் ஆத்தரைஸ்டு_சர்டிஃபிகேட்ஸ் என்ற கோப்பில் சேமியுங்கள். பெயரில் இரு சொற்களுக்கும் இடையே அடிக்கோடு வரும். பிகேசிஎஸ்11-டூல் மூலமும் சான்றிதழை எடுக்கலாமே என்று கேட்கலாம்; அது தருவது இருமக் கோப்பு, இங்கே வேண்டியதோ எழுத்து வடிவிலான பெம் கோப்பு. கோப்பைத் திறந்தால் பிகின் சர்டிஃபிகேட் என்ற வரியோடு தொடங்க வேண்டும். அடைவுக்கு 755, கோப்புக்கு 644 என்று அனுமதிகளை வையுங்கள்.

பாம்_பி11, இந்தக் கோப்பை மட்டுமன்றி எஸ்எஸ்எச்சுக்குரிய ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பையும் படிக்கும். ஆனால் அங்கே திறவுகோலைச் சேர்த்தால் தொலைவிலிருந்து நுழையும் வழியும் கூடவே திறந்துவிடும் என்பதால், அதைத் தனியாகவே வைத்திருப்பது நல்லது.

அடுத்து, ஓபன்எஸ்சியின் பிகேசிஎஸ்11 கூறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். டிபிகேஜி கட்டளைக்குப் பெரிய எழுத்து எல் விருப்பத்தையும் ஓபன்எஸ்சி-பிகேசிஎஸ்11 என்ற தொகுப்பின் பெயரையும் கொடுத்தால் அத்தொகுப்பின் கோப்புகள் அனைத்தும் வரிசையாக வரும். அவற்றுள் ஓபன்எஸ்சி-பிகேசிஎஸ்11 புள்ளி எஸ்ஓ என்று முடியும் முழுப் பாதையைத் திரையிலிருந்தே நகலெடுங்கள். கையால் தட்ட வேண்டாம்.

இனி ரூட் சாளரத்தில், ஈடிசி அடைவின் பாம்.டி உள்ளடைவிலுள்ள சூடோ என்ற கோப்பை, முதலில் ஒரு பிரதி எடுத்துவிட்டு, தொகுப்பியில் திறவுங்கள். பிரதியை வேறு அடைவில் வையுங்கள். கோப்பில் காமன்-ஆத் என்பதை உள்ளிழுக்கும் வரிக்கு மேலே புதிய வரி ஒன்றை எழுத வேண்டும். அதில் வரிசையாக நான்கு சொற்கள்: ஆத், சஃபிஷியன்ட், பாம்_பி11 புள்ளி எஸ்ஓ, பிறகு நீங்கள் நகலெடுத்த பாதை. இரண்டாவது சொல்தான் முக்கியம். "இது வென்றால் போதும், இத்தோடு நிறுத்தலாம், தோற்றால் அடுத்த வரிக்குப் போ" என்பது அதன் பொருள். அதற்குப் பதிலாக ரிக்வயர்டு என்று எழுதினால், அட்டை இல்லாமல் ஒருவரும் நுழைய முடியாது. அந்தக் கடுமை உங்களுக்கு வேண்டியதாகவே இருந்தாலும், சில வாரங்கள் பழகிய பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

சோதிக்க, சாதாரணச் சாளரத்தில் முதலில் சூடோ -கே கட்டளையை இயக்குங்கள். ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் டெபியனில் சூடோ அதைப் பதினைந்து நிமிடம் நினைவில் வைத்திருக்கும். அந்த நினைவை அழிக்காமல் சோதித்தால், எதுவும் கேட்காமலேயே வேலை நடந்துவிட, எல்லாம் சரி என்று ஏமாந்துபோவீர்கள். பிறகு சூடோ ஹூஅமை என்று தட்டுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக அட்டையின் ரகசிய எண் கேட்கப்பட்டு, ரூட் என்ற விடை வந்தால் பாதிக்கு மேல் முடிந்தது. அட்டையைக் கழற்றிவிட்டு, சூடோ -கே கட்டளையிலிருந்தே மீண்டும் சோதியுங்கள். இப்போது வழக்கமான கடவுச்சொல்லைக் கேட்க வேண்டும். இந்த இரண்டாம் சோதனையைப் பலர் செய்வதில்லை. அட்டை தொலைந்த நாளில் உங்களைக் காப்பாற்றப் போவது இந்த வழிதான்.

ரகசிய எண் கேட்கும் இடத்தில் பழக்கத்தால் கடவுச்சொல்லைத் தட்டிவிடுவது எல்லோருக்கும் நேர்வது. அதுவும் மூன்று வாய்ப்புகளில் ஒன்றைத் தின்றுவிடக்கூடும். திரையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தட்டுங்கள்.

நான்காம் அடுக்கு: உள்நுழைவுத் திரை

அதே அடைவில் ஜிடிஎம்-பாஸ்வேர்டு என்ற கோப்பு இருக்கும். அதன் தொடக்கத்தில், பராமரிப்பு வேளையில் நுழைவைத் தடுக்கும் வரியும், ரூட் பயனரை வரைகலைத் திரையில் அனுமதிக்காத வரியும் இருக்கின்றன. நமது புதிய வரி அவை இரண்டுக்கும் கீழே, காமன்-ஆத் வரிக்கு மேலே வர வேண்டும். கோப்பின் தலைமாட்டிலேயே எழுதிவிட்டால், சஃபிஷியன்ட் என்ற சொல் வென்ற கணமே சோதனையை முடித்துவிடும் என்பதால், அந்த இரு காவல் வரிகளும் அட்டைக்காரரைத் தடுக்காமல் போய்விடும்.

ரூட் சாளரத்தை மூடாமல், திரையைப் பூட்டித் திறந்து பாருங்கள். க்னோமில் பூட்டைத் திறப்பதற்கும் இதே கோப்புதான் பயன்படுகிறது. ஆகவே வெளியேறாமலேயே சோதித்துவிடலாம். அது தேறிய பிறகு வெளியேறி முழுமையாக நுழைந்து பாருங்கள். திரையில் உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்த பின்னரே ரகசிய எண் கேட்கப்படும். க்னோமுக்குப் பதிலாக வேறு மேசைத்தளம் இருந்தால், எக்ஸ்எஃப்சிஇ பயன்படுத்துபவர்கள் லைட்டிஎம் என்ற கோப்பிலும், கேடிஇ பயன்படுத்துபவர்கள் எஸ்டிடிஎம் கோப்பிலும் இதையே எழுத வேண்டும். கேடிஇயின் திரைப்பூட்டுக்குத் தனிக் கோப்பு உண்டு என்பதால் அங்கே இரண்டு இடங்களில் வேலை. எழுத்துத்திரை உள்நுழைவுக்கான லாகின் கோப்பைத் தொடாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளைச் சேர்த்தழுத்தினால் வரும் அந்தத் திரை, கடவுச்சொல்லோடு நுழையும் பின்வாசலாக இருக்கட்டும்.

வெற்றி கிடைத்த பிறகு, சூடோ கோப்பில் எழுதிய வரியை நான் நீக்கிவிடுவது வழக்கம். பதிவுசெய்த சான்றிதழ் உங்கள் வீட்டு அடைவில், உங்கள் அனுமதியோடு எழுதக்கூடிய கோப்பில் இருக்கிறது. உங்கள் பெயரில் ஓடும் தீய நிரல் ஏதேனும் தன் சான்றிதழையும் அதில் சேர்த்துவிட்டால், அதற்கேற்ற திறவுகோலை வைத்திருப்பவருக்கு சூடோ ரூட் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும். கணினியின் எதிரில் வந்து உட்கார வேண்டிய உள்நுழைவுத் திரையில் இந்த ஆபத்து மிகக் குறைவு. சோதனைக் களமாக சூடோ நல்லது. நிரந்தர ஏற்பாடாக எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

நுழைந்த பிறகு வரும் சிறு தொல்லைகள்

முதலாவது, க்னோமின் கடவுச்சொல் பெட்டகம். கடவுச்சொல்லோடு நுழையும்போது அதே சொல்லால் பெட்டகமும் சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். அட்டையோடு நுழையும்போது அந்தச் சொல் கணினிக்குத் தெரியாது. ஆகவே உலாவியோ மின்னஞ்சல் செயலியோ முதன்முதலாகக் கேட்கும்போது பெட்டகத்தின் கடவுச்சொல்லைத் தனியே தட்ட வேண்டியிருக்கும். பெட்டகத்துக்கு வெற்றுக் கடவுச்சொல் வைத்துத் தப்பிக்கும் யோசனை பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படிச் செய்தால் உள்ளிருப்பவை வட்டில் திறந்தே கிடக்கும்.

இரண்டாவது, அட்டையை எடுத்ததும் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை. க்னோமில் இதற்கென்றே அமைப்பு உண்டு. ஆனால் நுழைந்தபோது எந்த அட்டை பயன்பட்டது என்ற குறிப்பு உள்நுழைவுக் கூறிடமிருந்து அதற்கு வந்து சேர வேண்டும். பல கணினிகள் உள்ள அலுவலகங்களில் பயனர் சரிபார்ப்பைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டி என்ற சேவை அதைத் தருகிறது. நமது எளிய வழியில் அதை நம்ப முடியாது. யூபிகீ போன்ற ஒருங்கிணைந்த சாதனமாக இருந்தால் சாதனங்கள் செருகப்படுவதையும் நீக்கப்படுவதையும் கவனிக்கும் யூடெவ் சேவைக்கு விதி ஒன்று எழுதிக்கொள்ளலாம்: யூஎஸ்பி சாதனம் நீக்கப்படும் நிகழ்வில், தயாரிப்பாளர் எண் 1050 என்று இருந்தால், லாகின்சிடிஎல் கட்டளையை லாக்-செஷன்ஸ் என்ற சொல்லோடு இயக்கும் விதி. தனி ரீடரில் செருகும் அட்டைக்கு இது பயன்படாது. அட்டையை உருவினாலும் ரீடர் செருகியபடியேதான் இருக்கிறது.

மூன்றாவது, பலரும் செய்துகொள்ளும் தவறான கற்பனை. அட்டை காப்பது கதவை மட்டுமே, வட்டை அன்று. கணினியைத் திறந்து வட்டைக் கழற்றி வேறொன்றில் பொருத்துபவருக்கு நமது பாம் வரிகளெல்லாம் ஒரு பொருட்டில்லை. வட்டைத் தனியே லக்ஸ் முறையில் மறைகுறியாக்கியிருக்க வேண்டும். லினக்ஸின் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 248ஆம் பதிப்பு முதல், சிஸ்டம்டி-கிரிப்டென்ரோல் என்ற கருவி அட்டையிலுள்ள ஆர்எஸ்ஏ திறவுகோலைக் கொண்டே வட்டைத் திறக்கவும் வழி தருகிறது. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

பல கணினிகள் இருந்தால்

ஐம்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒவ்வொருவரின் வீட்டு அடைவிலும் சான்றிதழை நகலெடுத்துக்கொண்டிருக்க முடியாது; ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவரது அட்டையை எல்லா இடத்திலும் செல்லாததாக்கவும் வேண்டும். பாம்_பி11 சான்றளித்தவர் யார், சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. அங்கே எஸ்எஸ்எஸ்டியே ஏற்றது; ரெட்ஹேட் தன் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8இல் பழைய பாம்_பிகேசிஎஸ்11 கூறை நீக்கிவிட்டு அதற்கே மாறியது. ஃபெடோராவிலும் ரெட்ஹேட்டிலும், சான்றளிக்கும் அமைப்பின் மூலச் சான்றிதழை ஈடிசி அடைவில் எஸ்எஸ்எஸ்டி, அதனுள் பிகேஐ என்ற இடத்திலுள்ள எஸ்எஸ்எஸ்டி_ஆத்_சிஏ_டிபி புள்ளி பெம் என்ற கோப்பில் வைத்துவிட்டு, ஆத்செலக்ட் கட்டளையால் எஸ்எஸ்எஸ்டி தொகுதியை வித்-ஸ்மார்ட்கார்டு என்ற விருப்பத்தோடு தேர்ந்தால் பாம் கோப்புகள் தாமாகவே எழுதப்பட்டுவிடும். எஸ்எஸ்எஸ்டி அமைப்புக் கோப்பின் பாம் பகுதியில் பாம்_சர்ட்_ஆத் என்பதற்கு ட்ரூ என்று மதிப்பளிக்க வேண்டும். மெதுவான அட்டைகள் இயல்பான 10 நொடிக் கெடுவுக்குள் பதில் சொல்லத் தவறுவதுண்டு. பி11_சைல்டு_டைம்அவுட் என்ற மதிப்பை உயர்த்தினால் அந்தச் சிக்கல் தீரும்.

இரண்டாவது அட்டை

தனிக் கணினிக்காரரும் இரண்டு அட்டைகள் வைத்திருப்பது நல்லது. முதல் அட்டையின் திறவுகோலை நகலெடுக்க முடியாது. இரண்டாவதில் புதிய திறவுகோலையும் சான்றிதழையும் உருவாக்கி, அந்தச் சான்றிதழை ஆத்தரைஸ்டு_சர்டிஃபிகேட்ஸ் கோப்பின் கடைசியில், முதலாவதை அழிக்காமல், சேர்க்க வேண்டும். முனையத்தில் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும்போது ஒற்றைக் கோணக்குறி பழையதை அழித்துவிட்டு எழுதும். இரட்டைக் கோணக்குறி கடைசியில் சேர்க்கும். இங்கே வேண்டியது இரட்டை. முதல் அட்டை தொலைந்தால் அதற்குரிய பகுதியை, பிகின் வரி முதல் எண்ட் வரி வரை, கோப்பிலிருந்து வெட்டிவிடுங்கள்; அந்தக் கணமே அந்த அட்டை உங்கள் கணினிக்கு அந்நியமாகிவிடும். எந்தப் பகுதி எந்த அட்டையுடையது என்பதை அந்த நேரத்தில் கண்டுபிடிக்கத் திண்டாடாமல் இருக்க, சான்றிதழை உருவாக்கும்போதே பெயரோடு "ஒன்று", "இரண்டு" என்று சேர்த்துவிட்டு, கோப்பில் முதலில் இருப்பது ஒன்று, அடுத்தது இரண்டு என்ற வரிசையையும் மாற்றாமல் வைத்திருங்கள்.